ஒன்பதாம் உறையில் படம் இல்லை

அன்பான பிள்ளைக்கு,

பைலைத் திறந்து ஒவ்வொரு படமாகப் புரட்டிக்கொண்டு வந்திருப்பாய். எட்டாம் படத்துக்கும் பத்தாம் படத்துக்கும் நடுவில் படம் இல்லை, இந்தக் கடிதம் இருக்கிறது. எங்கேயோ விழுந்துவிட்டதென்று பதறி பஸ் சீற்றுக்குக் கீழே குனிந்து தேடாதே. நான்தான் எடுத்தேன். வியாழக்கிழமை கொழும்பில் அந்தப் பதிப்பகத்து மேசைக்கு முன்னால் நீ போய் இருந்ததும் அவர்கள் முதலில் கேட்கப்போவது இந்த ஒன்பதாம் படத்தைப் பற்றித்தான். அவர்கள் கேட்பதற்கு முதல் நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக் காலை உன்னைப் பஸ் ஏற்றும்போது சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டு போவாய். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது என்று இதை எழுதும்போதே தெரிகிறது.

குரல் பதிவாக அனுப்பலாமென்று மூன்று தரம் போனைப் பிடித்துப் பேசிப் பார்த்தேன். என் குரல் எனக்கே பெருநாள் ஒலிபெருக்கி அறிவிப்புப் போலக் கேட்டது. மூன்று தரமும் கடைசியில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லித்தான் முடித்திருந்தேன். அழித்துவிட்டேன். உன் அப்பா பேஸ்புக்கில் மூன்று வரிக்கு மேல் எழுதாத ஆள், அதிலும் ஒரு வரி முழுக்க ஆச்சரியக்குறி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாலு நாளாகப் பள்ளிக்கூட மதிலில் படம் கீறுகிற வேலை. ஏணியில் நின்று நின்று முழங்கால் இரண்டும் தனியாக முனகுகின்றன. பின்னேர வெயில் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. குசினி மேசையில் வைத்து எழுதுகிறேன். அம்மா எதிரே இருந்து கறிக்குக் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டு, நான் பேனையை நிறுத்தும் போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறா. "இன்னும் ஒண்டும் சொல்லேல்லைப் போல கிடக்கு. எழுதுங்கோ" என்கிறா. அவவுக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதமே.

நான் யாரிடமும் படம் கீறப் பழகியவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் ஒரு நடிகருக்கு ரசிகனாக இருந்தேன். ரசிகன் என்றால் சும்மா இல்லை. அவருடைய படம் வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. வவுனியாத் தியேட்டர் வாசலில் வைக்க அவருக்கு ஒரு கட்டவுட் வேண்டும், கீற வேறு ஆள் இல்லை, நான் கீறுகிறேன் என்று கையைத் தூக்கினேன். போனில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து, யூரியூப்பில் ஒரு ஆள் கட்டம் போட்டுப் பெருப்பிப்பதைப் பார்த்து, கீறிவிட்டேன். ஒரு தோள் மற்றத் தோளைவிடப் பெரிது. ஆனால் முகம் அச்சு அசல். அன்றைக்குத் தியேட்டர் வாசலில் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்ததைப் பார்த்தபோது எனக்குத் தலை கிறுகிறுத்தது. அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான்: முகம் வந்தால் போதும், சனம் வரும்.

அந்தப் பாடத்தோடுதான் நம் கோயில் பெருநாளுக்கு வானதூதர் மிக்கேல் சம்மனசைக் கீறக் கேட்டு மூப்பரிடம் போனேன். என்னிடம் அப்போது இருந்தது ஒரேயொரு அல்பம். கோயில் சபையின் தலைவர் என்று அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கம் பார்த்தார், மாதா. இரண்டாம் பக்கம், அந்தோனியார். மூன்றாம் பக்கம் என் நடிகர், சட்டைப் பொத்தான் திறந்து, கையில் துவக்கோடு. மூப்பர் அல்பத்தை மெல்ல மூடி என்னிடம் தந்துவிட்டு, "இவர் எந்தச் சபை?" என்று கேட்டார். வேலையைத் தந்தது என் அதிர்ஷ்டம். கீறி முடித்துத் திரையை எடுத்தபோது மூப்பரின் மனைவி தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தா. "தம்பி, வேலை நல்லம். செட்டையும் நல்லம். ஆனா இந்தச் சம்மனசு ஏன் பெட்டையளைப் பாக்கிற மாதிரிப் பாக்குது?" என்றா. என் கைக்குத் தெரிந்த கண் அது ஒன்றுதான். நான் என்ன செய்ய? நீ அப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டு வருடமாகத் திருப்பலியில் அந்தச் சம்மனசைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய், அம்மாவிடம் நுள்ளும் வாங்கினாய்.

அந்த வெட்கத்தில்தான் ஆளுக்கொரு பைல் என்று பிரித்தேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் நீ பார்த்த நீலம் கோயிலுக்கு, சிவப்பு பள்ளிக்கூடங்களுக்கு, பச்சை உதவி நிறுவனக்காரருக்கு, ஓரம் கிழிந்தது கடைக்காரருக்கும் வள்ளக்காரருக்கும். யூரியூப்பில் பார்த்ததை ஒன்றும் விடவில்லை. நல்லதை முதலில் வை, அடுத்த நல்லதைக் கடைசியில் வை, பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் பார்க்கிறவர் கொட்டாவி விடுவார், படத்துக்குக் கீழே அளவும் எதால் கீறியதென்பதும் எழுது. வள்ளக்காரருக்குக் கடதாசிப் படம் காட்டி வேலையில்லை, உப்புத் தண்ணியில் ஒரு வருடம் கிடந்த பிறகு எழுத்து எப்படி இருக்கிறதென்று போட்டோ காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்து அதிபருக்குப் படத்தைவிட, எத்தனை நாளில் முடித்தாய் என்பதுதான் முக்கியம். இவையெல்லாம் உனக்கும் சொல்லித் தந்தேன். இன்றைக்கும் இவை பிழையில்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. யார் பார்க்கப்போகிறார் என்று யோசித்து யோசித்து, எனக்கு யார் கீறினார் என்பது மறந்துபோகத் தொடங்கிவிட்டது. ஒரே போன், ஒரே பேஸ்புக் பக்கம், உன் படத்துக்கும் என் படத்துக்கும் கீழே ஒரே பெயர். நீ பதின்மூன்று வயதில் உன் முதல் படத்தை அந்தப் பக்கத்தில் போட்டபோது, நம் இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து இருக்கட்டும் என்று துள்ளிச் சொன்னவன் நான்தான். உனக்கென்று ஒரு கையெழுத்து வேண்டுமா என்று உன்னிடம் கேட்கவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்து மஞ்சள் இல்லத்துக்கு அலங்காரம் செய்தோமே, அது உனக்கு மறந்திருக்காது. விளையாட்டுப் போட்டி நாளில் ஒவ்வொரு இல்லமும் தன் கொட்டகையைச் சோடிக்கும், நடுவர்மார் சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். நீ ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொண்டு வந்தாய். மீன் பிடிக்கிற கூடு, ஆள் உயரத்துக்கு மேல், ஈர்க்கிலும் கயிறும். "அப்பா, நடுவர்மார் இதுக்குள்ளால சுகமா உள்ள வருவினம். வெளிய போற வழியைத் தேட வேணும். மீனுக்கு எப்பிடி இருக்குமெண்டு அவைக்கு விளங்கும்" என்றாய். நான் கேட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "நடுவரைக் கூட்டுக்க அடைச்சா ஆர் பிள்ளை புள்ளி போடுறது?" என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு நான் வீடியோவில் பார்த்த ஒரு கப்பலைச் செய்தேன். புகைபோக்கி எல்லாம் வைத்தேன். முதலிடம் வந்தது. கேடயம் வாங்க உன்னைக் கூப்பிட்டபோது நீ போகவில்லை. "வெண்டது நீங்கள். நீங்களே போய் வாங்குங்கோ" என்றாய். நான் போய் வாங்கினேன், பிள்ளை. வெட்கமில்லாமல் போய் வாங்கிக்கொண்டு வந்து அதோடு ஒரு படமும் எடுத்துப் போட்டேன். நூற்றுக்கணக்கில் விருப்பம் விழுந்தது. நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பெட்டைக்கு வயது அப்படி என்று அம்மாவிடம் சொன்னேன்.

சித்தியின் வெங்காயத்தை நினைத்தால் இன்றைக்கும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது. எனக்கு இப்போது அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. ஒரு உதவி நிறுவனத்திலிருந்து வந்த தம்பி பச்சைப் பைலைப் பார்த்தார். நீ கீறிய பெண்கள் தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றுகிறார்கள், பயிற்சிக்குப் போய் ஒருவரையொருவர் பகிடி பண்ணிச் சிரிக்கிறார்கள். "எல்லாம் வடிவு அண்ணை. ஆனா இன்னும் கொஞ்சம் உணர்வு இருக்கிற படம் இல்லையோ?" என்றார். என்ன உணர்வு என்று கேட்க, அவர் கண்ணுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். என்னிடம் ஒரு படம் இருந்தது. உன் சித்தி கதிரையில் இருந்து கண் சிவந்து, கன்னம் முழுக்கத் தண்ணி வழிய அழுகிற படம். நீ கீறியது. மடியில் ஒரு சுளகு நிறைய வெங்காயம், கையில் கத்தி. நான் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டுக் கொடுத்தேன். அது சுவரொட்டியாகி பிரதேச செயலகத்துச் சுவரில் ஏறியது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்கப் போன சித்தி, வரிசையில் நின்று தன் முகத்தையே அண்ணாந்து பார்த்துவிட்டு, நேராக நம் வீட்டுக்கு வந்து படலையில் நின்று கேட்டா: "அத்தான், என்ர வெங்காயம் எங்க?"

நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீயும்தான் சிரித்தாய். ஆனால் பிறகு, போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னாய்: "நான் கீறினது சித்தி கறிக்கு வெங்காயம் வெட்டுறதை அப்பா. அண்டைக்குச் சித்திக்கு ஒரு கவலையும் இல்லை." நான் அதற்கும் ஏதோ ஒரு பகிடி சொன்னேன். வெட்டுவது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. பார்க்கிறவருக்கு வேண்டியது எது, அது இருக்கட்டும், மற்றது போகட்டும். போனில் இரண்டு விரலால் இழுத்து ஓரத்தைக் குறைத்தால் ஒரு வினாடி வேலை.

இப்போது அம்மா கணவாயை முடித்துவிட்டுக் கையைக் கழுவுகிறா. இனியும் சுற்ற முடியாது.

சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் படம் கீற ஆள் தேவை, கடற்கரைக் கதை, அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் நல்லம் என்று அந்தப் பதிப்பகம் போட்ட அறிவித்தலை முதலில் கண்டது நான். ஏணியில் நின்றபடியே உனக்கு நாலு தரம் கோல் எடுத்தேன். நீ வேலை செய்கிற ஸ்ரூடியோவில் யாரோ ஒருவரின் கலியாண அல்பத்தோடு இருந்தாய், எடுக்கவில்லை. பிறகு நீ வீட்டுக்கு வந்து, நிலத்தில் பாயை விரித்து, உன் படங்களை எல்லாம் பரப்பி, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பன்னிரண்டைத் தெரிந்தெடுத்தாய். நான் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொன்னேன். நீ எதற்கும் அசையவில்லை. ஒன்பதாவதாக நீ வைத்தது கரைவலை இழுக்கிறவர்களின் கால்கள். வெறும் பென்சில். பதினொரு சோடிக் கால், மணல், ஒரு கயிறு. முழங்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை. "முகம் எங்க பிள்ளை?" என்று கேட்டேன். "முகம் வலையைப் பாக்குது அப்பா. பாரம் காலிலதானே" என்றாய். எனக்கு விளங்கவில்லை. சின்னப்பிள்ளைகளின் புத்தகத்துக்கு யார் காலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் நீ சண்டை பிடித்திருப்பாய், அது உனக்கு நல்லதாக முடிந்திருக்கும்.

நீ குளிக்கப் போனாய். படங்களைப் போட்டோ எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது என் பொறுப்பு. பதினொன்றை எடுத்தேன். ஒன்பதாவது வந்தபோது, போனிலேயே இருந்த என் படம் ஒன்றைச் சேர்த்தேன். கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் முன்பக்க அணியத்தில் ஒரு முகம், ஒன்று கொட்டாவி விடுகிறது, ஒன்று பக்கத்து வள்ளத்திடம் கோள் சொல்லுகிறது. மழைநாளில் வேலையில்லாமல் இருந்தபோது விரலாலேயே போனில் கீறியது. யாரும் கேட்டுக் கீறவில்லை. அதற்குக் கீழேயும் நம் இரண்டு பேருக்கும் பொதுவான அதே பெயர்தான். அனுப்பிவிட்டேன். அப்போது அதைக் களவு என்று நினைக்கவில்லை. சத்தியமாக, உனக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பதில் வந்த நாளில் நான் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடாமலே இறங்கி ஓடி வந்தது ஞாபகம் இருக்கும். சைக்கிள் விழுந்து அம்மாவின் கருவாட்டுப் பாயில் கிடந்தது. நீங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் நிற்க, நான் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். உன்னை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், வேலைகளைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், என்று. நடுவில் இருந்த இரண்டு வரியை நான் வாசிக்கவில்லை. அது இதுதான்: "பன்னிரண்டும் பார்த்தோம். ஒன்பதாம் படம் எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. புத்தகம் முழுவதும் அந்தக் கையால் வர வேண்டும் என்று விரும்புகிறோம்." நீ, "போனைத் தாங்கோ, நானும் வாசிக்க" என்று கையை நீட்டினாய். டேற்றா முடிஞ்சுபோச்சு என்றேன். அப்போது நீ கேட்டாய், பிள்ளை. அந்தக் கேள்விதான் பத்து நாளாக என்னை ஏணியில் நிற்கவிடவில்லை. "அப்பா, கால் படத்தைப் பற்றி அவையள் என்னவும் சொன்னவையோ?" நான் சொன்னேன், "எல்லாம் நல்லமெண்டு எழுதியிருக்கினம்." நீ அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றினாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை அம்மாவுக்கும் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியை வாசித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம் ஐயோ என்று இல்லை. சந்தோசம். தியேட்டர் வாசலில் வந்த மாதிரி, அதைவிடப் பெரிய சந்தோசம். இத்தனை வருடமாக நான் கீறியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் மூலப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். நடிகர் வந்திருக்கிறாரா, மாதா வந்திருக்கிறாவா, கடைப் பெயரில் எழுத்து விடுபட்டதா. யாரும் கேட்காமல் நான் கீறிய ஒரு படத்தைக் கண்டு, முன்பின் தெரியாத ஆட்கள், அந்தக் கை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்து வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அது உன் பெயருக்கு வந்த கடிதம் என்பது ஞாபகம் வரும். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்ப ஏணியில் ஏறுவேன். அவ்வளவு சந்தோசமும் கொஞ்ச நாளில் ஒரு களைப்பாகிவிட்டது. நீ கொழும்புக்குப் போவதற்கு என்ன சட்டை போடுவதென்று சித்தியோடு கதைத்துக்கொண்டிருப்பாய். நான் முற்றத்தில் தூரிகை கழுவுவதாகப் பாவனை பண்ணிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்றைக்கு புதுக்குடியிருப்பில் படங்களை அச்சடித்துக் கொண்டுவந்து இந்தப் பைலின் உறைகளுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அனுப்பியது போலவேதான் கொண்டு போகவும் வேண்டும் என்று ஒன்பதில் வள்ளங்களை வைத்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தா. "இஞ்சாருங்கோ, இது உங்கடையெல்லோ? பிள்ளையின்ர கால் படம் எங்க?" என்றா. சொல்லிவிட்டேன். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அவ அறைக்குள் போய் உன் மூலப் படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. "இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றா. பார்த்தேன், கால்கள் என்றேன். "ஆரின்ர கால்?" எனக்குத் தெரியவில்லை. அவ விரலை வைத்தா, கயிற்றின் நுனியிலிருந்து மூன்றாவது. "உங்கட காலையே உங்களுக்குத் தெரியேல்லையோ?"

வலது பெருவிரலில் நகம் இல்லை. வள்ளம் புரண்டு விழுந்து போன நகம். குதிக்கு மேலே ஒரு சொட்டு கறுப்பாக அழுத்தியிருந்தாய். அது எனாமல் பெயின்ற், அன்றைக்கு நான் துடைக்காமலே வலைக்கு வந்துவிட்டேன். மற்ற எல்லாக் காலும் முன்னுக்குச் சாய்ந்து நிற்க, அந்தக் கால் மட்டும் பக்கவாட்டில் ஊன்றி நிற்கிறது. வலது முழங்கால் நோவதால் நான் அப்படித்தான் நிற்பேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நீ அதைக் கண்டிருக்கிறாய். பன்னிரண்டு படங்களில் அதை ஒன்பதாவதாக வைத்திருக்கிறாய். நான் அதை ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் முகம் இல்லை என்று எடுத்துப் போட்டுவிட்டேன்.

அம்மா கேட்டா, "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" நான் சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் உரிமை இந்த விசயத்தில் எனக்கு இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் பைல் சுமந்தவன் என்ற முறையில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பைலில் வைக்கும் படத்தை ஆட்கள் பார்த்துவிட்டு விடுவதில்லை, இன்னொன்று இதே மாதிரித் தா என்பார்கள். சம்மனசுக்குப் பிறகு மூன்று ஊரில் எனக்குச் சம்மனசுதான் கிடைத்தது. அழுகைப் படத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்துத் தம்பி இன்னும் இரண்டு அழுகை கேட்டார். ஒன்பதில் என் வள்ளங்கள் இருந்தால், உன்னைப் புத்தகம் முழுக்க என் கையால் கீறச் சொல்வார்கள். உன்னால் அது முடியும், எனக்குத் தெரியும், நீ எந்தக் கையாலும் கீறுவாய். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ முடியும் என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே, வருடக்கணக்காகச் செய்துகொண்டிருப்பாய். நான் செய்தது அதுதான். எந்த வேலைக்கும் ஓம் என்றேன். இப்போது மதிலுக்கு முன்னால் தூரிகையோடு நிற்கும்போது, யாராவது உனக்கு என்ன கீற விருப்பம் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு மழைநாள் வள்ளப் படம் மட்டும்தான் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். அவர்கள் கோபப்படலாம், அது நியாயம். சொல்லாமல் விட்டால் கிடைக்கலாம், ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், கையெழுத்துக்கூட ஒன்றுதான். ஒன்பதாம் படம் தகப்பனுடையது, மகளுக்குத் தெரியாமல் வைத்தது, பிழை என்னுடையது என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பத்தான் விரல் போனது. பிறகு, இதையும் உன்னைக் கேட்காமல் நானே செய்தால் அதுவும் பழைய வேலைதானே என்று நிறுத்தினேன். அது அனுப்பப்படாமல் அப்படியே இருக்கிறது. கடவுச்சொல் உனக்குத் தெரியும். நீ அனுப்பலாம், அழிக்கலாம், வியாழக்கிழமை நேரிலேயே சொல்லலாம். நான் ஒளித்து வைத்திருந்த அவர்களுடைய கடிதத்தையும் திருப்பி உள்பெட்டியில் போட்டிருக்கிறேன், முழுதாக வாசி. நம் பக்கத்தில் இனி என் படத்துக்குக் கீழே என் பெயரைப் போடுவேன். உன்னுடையதை நீ என்ன செய்ய விருப்பமோ அப்படிச் செய்.

பைலின் பின் அட்டைப் பைக்குள் இரண்டு படமும் இருக்கின்றன. முன்னால் உன் கால்கள், அதற்குப் பின்னால் என் வள்ளங்கள். வள்ளங்களைக் கிழித்துவிட்டால் உனக்கு ஆறும் என்றால் கிழி. ஆனால் எனக்காகக் கிழிக்காதே, எனக்காக வைக்கவும் வேண்டாம். உறை ஒன்றுதான். இந்தக் கடிதத்தை எடுத்துவிட்டால் அது வெறுமை.

மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. பைலைச் சாமான் தட்டில் போடாதே, அந்த பஸ் ஒழுகும், மடியில் வைத்துக்கொள். வவுனியாவில் இறங்கி ரயில் ஏறமுதல் அம்மாவுக்குக் கோல் எடு. என்னோடு கதைக்க மனம் வந்தால் கதை. வராவிட்டால், ஒன்பதில் எதை வைத்தாய் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லு. நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

அப்பா